வால் திரும்பும் திசை

மீன் அரியும் கத்தியின் முனை இழுப்பறைப் பூட்டுக்குள் முதல் தரம் வழுக்கியது, இரண்டாம் தரம் பாக்கியத்தின் கட்டைவிரலைக் கீறியது, மூன்றாம் தரம் 'டக்'கென்று ஏதோ உடைந்தது.

மணி ஐந்து பத்து. தீவின் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து வரும் பஸ் ஐந்தரைக்குக் குட்லண்ட்ஸ் ஊர்ச் சந்தையடியில் வந்து நிற்கும். அங்கிருந்து தனராஜ் நடந்து வர ஏழு நிமிஷம். ஆக, தன் புருஷன் மனசில் இருக்கிற பெண் யார் என்று இருபத்தேழு நிமிஷத்துக்குள் அவள் கண்டுபிடித்தாக வேண்டும்.

இழுத்தாள். கடிதம் இல்லை. போட்டோ இல்லை. பூப்போட்ட கைக்குட்டை ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் இல்லை. கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதிலிருந்து ஈர வாடை வந்தது. பிய்த்தெறிந்த பச்சை இலையும் சேறும் கலந்த வாடை. மூன்று வாரமாகத் துளி மழை இல்லை. கரும்பு வெட்டும் காலம். ஊரெங்கும் புழுதியும் ஆலைப் புகையின் வெல்லப்பாகு மணமும்தான். அந்த இழுப்பறைக்குள் மட்டும் எங்கிருந்து வந்தது அடைமழை?

யோசிக்க நேரமில்லை. பிரித்தாள். தனராஜின் குமாஸ்தாக் கையெழுத்து, சர்க்கார் ஆபீஸுக்கே உரிய பிரெஞ்சு. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த பாக்கியத்துக்கு அது தாராளமாகப் புரிந்தது.

'ஆகஸ்ட் 2. அவள் இன்றும் வரவில்லை. காத்திருந்தேன்.'

'ஆகஸ்ட் 5. வந்துவிட்டாள்! ஆறரை வருஷத்துக்குப் பிறகு. எவ்வளவு மங்கிப் போயிருக்கிறாள்.'

'ஆகஸ்ட் 13. இன்னும் நெருங்கியிருக்கிறாள். நேராகப் பார்த்தால் மறைந்து விடுகிறாள்.'

எல், எல், எல். பிரெஞ்சில் 'எல்' என்றால் அவள். ஒவ்வொரு வரியும் அந்த ஒற்றைச் சொல்லில்தான் தொடங்கியது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் பாக்கியத்தைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வரி எழுதியதுண்டா?

வாசலில் செருப்புச் சத்தம்.

இழுப்பறையை இடுப்பால் தள்ளி மூடினாள். கீறிய விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கையில என்ன?" என்றான் தனராஜ்.

"மீன் முள்ளு."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. கவிச்சி செய்ய மாட்டியே?"

"போன வாரத்து முள்ளு" என்றாள். அவன் டீயை நின்றபடியே குடித்தான். துணியால் சுற்றிய தொலைநோக்கியைக் குழந்தையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, இரும்பு ஏணி வழியாக மொட்டைமாடிக்குப் போய்விட்டான். இந்த இரண்டு வாரமாக இதே கதைதான். 'ஏணி ஆடுது, நீ வராதே' என்று ஒரு வார்த்தை வேறு.

மறுநாள் காலை அடுத்த வீட்டு ரோஸ்-மேயிடம் விஷயத்தைக் கொட்டினாள். ரோஸ்-மே க்ரியோல் இனத்துக்காரி, தையல்காரி. குட்லண்ட்ஸில் பாதிப் பெண்களின் இடுப்பளவும் மீதிப் பெண்களின் ரகசியமும் அவள் கையில்.

"எல்-ஆ?" ரோஸ்-மே வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "ஓ லா லா! மா ஃபீ, உன் புருஷன் மாடியில குழாயை வெச்சு என்னத்தைப் பார்க்கிறான்? கோமெத். பிரெஞ்சுல கோமெத் பொம்பளை! மேசையும் பொம்பளை, நாற்காலியும் பொம்பளை. அதுக்கெல்லாம் நீ சக்களத்திச் சண்டை போட்டா வீட்டுல உட்கார இடம் இருக்காது."

பாக்கியத்துக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாகக்கூட இருந்தது. வால்நட்சத்திரமா? அட, கடவுளே.

"ஆனா மதாம் தனராஜ்," ரோஸ்-மே மறுபடி ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள், "அந்தக் கரும்புக் காட்டுல நிக்கிறவளைப் பத்திக் கேளு. அவ கோமெத் இல்லை."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? சாயங்காலம் ஊசி கோக்கும்போது ஓரமாத் தெரிவா. கற்குவியல் பக்கத்துல நின்னு உன் வீட்டையே பார்த்துக்கிட்டிருப்பா. நிமிர்ந்து பார்த்தா காணோம். வெட்கக்காரி போல."

அன்று மாலை தனராஜ் ஏணி ஏறிய பத்தாவது நிமிஷம் பாக்கியமும் ஏறினாள். ஏணி ஆடவில்லை.

சூரியன் கரும்புக்குள் விழுந்து, மேற்கே ஆரஞ்சுத் தோல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. தனராஜ் குழாயில் கண் வைத்தபடி தனக்குத்தானே தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் பேசிக்கொண்டிருந்தான். 'லி வருது, லி வருது.' வீட்டில் எல்லோரும் பேசுகிற பாஷைதான். ஆனால் அதில் 'லி' என்றால் அவன், அவள், அது, எல்லாமே. கள்ளனுக்கு வசதியான பாஷை.

"யார் அந்த லி?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு சிரித்தான். "வால்நட்சத்திரம், பாக்கியம். வேற யாரு?"

"தமிழ்ல சொல்லுங்க. கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டீங்க இல்ல? அந்த பாஷையில சொல்லுங்க. அதுவா, அவளா?"

தனராஜுக்குத் தமிழ் என்றால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது பாடுகிற நாலு பாட்டும், பள்ளிக்கூட வகுப்பில் மனப்பாடம் செய்த எழுத்துகளும்தான். நெற்றியைச் சுருக்கித் தேடினான். பிரெஞ்சுப் பழக்கத்தில் தேடியிருப்பான். கிடைத்ததைச் சொன்னான்.

"அ... அவள்."

அந்தச் சொல் இருட்டில் விழுந்த விதம் பாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை.

"வா, பாரு" என்று இடம் விட்டான். குழாயில் கண் வைத்தாள். ஒன்றுமே இல்லை. கறுப்பு.

"நேராப் பார்க்காதே. மங்கலான எதையும் நேராப் பார்த்தாக் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பக்கத்துல பாரு. ஓரக்கண்ணுல வரும்."

பார்வையை நகர்த்தினாள். வந்தது. கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட இடம்போல ஒரு வெளிறல். நடுவில் சற்று அடர்த்தி. ஒரு பக்கமாகக் கலைந்து நீளும் மெல்லிய வால். பார்க்கலாமே என்று கண்ணை அங்கே கொண்டுபோன நொடியில் இல்லை.

தனராஜ் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தான். நீள்வட்டமாம். வியாழன் கிரகம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருமாம். தூரத்தில் இருக்கிறபோது ஊர்ந்து போகும், கிட்டே வர வர ஓட்டம் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு ஆறரை வருஷம். இந்தத் தடவை இருபத்தேழாம் தேதி சூரியனுக்கு மிகக் கிட்டே.

"எதுக்குத் திரும்பி வருது?"

"விட்டுட்டுப் போக முடியாது. அது சூரியன்மேல விழுந்துக்கிட்டேதான் இருக்கு. நேரா விழாம பக்கவாட்டுல விழுது, அவ்வளவுதான். வாலைப் பார்த்தியா? எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீட்டிக்கிட்டிருக்கும், வரும்போதும் சரி, போகும்போதும் சரி. சூரியன் எங்கே இருக்குன்னு தெரியணும்னா வாலைப் பார்த்தாப் போதும்."

"இந்த ஓரக்கண் வித்தையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?"

அவன் துணியால் கண்ணாடியைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"தேவானி."

பாக்கியம் ஓரடி விலகி நின்றாள்.

தேவானி அவளுடைய பெரியப்பா மகள். தெய்வானை என்றுதான் பேர் வைத்தார்கள். பதிவு அலுவலகத்துப் பிரெஞ்சு வாயில் விழுந்து தேவானி ஆனாள். தனராஜின் முதல் மனைவி. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒத்தாசைக்கென்று ரோஸ் பெல் ஊரிலிருந்து வந்த பாக்கியம், இதே மனையில் இருந்த பழைய பலகை வீட்டில், பக்கத்து அறையில்தான் படுத்துக் கிடந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவும் மாமாவும் சிரிக்கிற சிரிப்பு ஒவ்வொரு மாலையும் முற்றத்திலிருந்து வரும். என்னதான் பார்த்துச் சிரிப்பார்களோ. அந்தச் சிரிப்பில் ஒரு கைப்பிடி தனக்குக் கிடைக்காதா என்று அவள் தலையணையைக் கடித்த மாலைகள் எத்தனை.

"அறுபது ஜனவரியில அவதான் முதல்ல பார்த்தா" என்றான் தனராஜ். "எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு அப்படி ஒரு கண்ணு. அது சூரியன்கிட்ட வந்த அதே வாரம் கரோல் புயல் வந்துடுச்சு."

அந்தப் புயலில் தேவானி போனாள். தகரம் பறந்து வந்து அடித்தது என்றது ஊர். வருஷம் திரும்பியதும், தெரிந்த பெண்தானே, தங்கை முறைதானே என்று பெரியவர்கள் பாக்கியத்தைத் தனராஜுக்குக் கட்டி வைத்தார்கள். 'முருகனுக்கே ரெண்டு' என்று ரோஸ்-மேகூடக் கேலி செய்தாள். பலகை வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

ஆக, ஆறரை வருஷமாக இவன் காத்திருந்தது வானத்தில் சுற்றுகிற கல்லுக்கும் பனிக்கும் இல்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய அந்தக் கணத்தில், இடது கண்ணின் கடைசி ஓரத்தில், கரும்புக் காட்டுக் கற்குவியலின் பக்கத்தில், மூச்சு விட்ட கண்ணாடிபோல ஒரு வெளிறல் நின்றது. ஆள் உயரம். நடுவில் அடர்த்தி. உச்சியிலிருந்து நீளமாக ஏதோ பறந்தது, வீட்டுக்கு எதிர்த்திசையில்.

முடி.

நேராகப் பார்த்தாள். வெட்டிய கரும்பின் அடிக்கட்டைகள். கறுப்புக் கற்கள். காற்றே இல்லை.

கற்குவியலிலிருந்து கொல்லைக் கொய்யா மரம் வரை வர அதற்கு நான்கு நாள் ஆனது.

சாயங்கால வெளிச்சம் மங்குகிற அந்த அரைமணி நேரத்தில்தான் வரும், தனராஜ் பஸ்ஸிறங்கி வீட்டுக்குள் வந்த பிறகு. பாக்கியம் துணி எடுக்கப் போனால் வேட்டியின் விளிம்புக்கு அப்பால் தெரியும். பாத்திரம் தேய்த்தால் தோளுக்கு மேலாகத் தெரியும். முகம் தெரியாது. நின்ற நிலை தெரியும், ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும், அக்கா அப்படித்தான் நிற்பாள். முடி எப்போதும் வயல் பக்கம் பறந்தது. வீட்டுக்கு எதிராக. அதாவது, வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு எதிராக.

கணக்கு பாக்கியத்துக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரிய வால் போதும். தனராஜ்தான் சூரியன். அக்கா தன் புருஷனிடம் வந்துகொண்டிருக்கிறாள்.

பயப்பட வேண்டிய இடத்தில் பாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்த பிறகுமா? ஐந்து வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு வடித்தவள் நான். காய்ச்சலில் கிடந்தபோது கால் பிடித்தவள் நான். ஒரு தரமாவது என் பேரைச் சொல்லி மாடிக்குக் கூப்பிட்டானா? அவளோ ஆறரை வருஷம் எங்கேயோ சுற்றிவிட்டுச் சாவகாசமாக வருகிறாள், வாசலில் சிவப்புக் கம்பளம்.

"என்னைப் பாருங்க" என்றாள் ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

இல்லை. அவன் பார்வை அவள் காதைத் தாண்டி, அரை சாண் தள்ளி எங்கோ நின்றது.

"ஆயோ, என் மூஞ்சியைப் பாருங்கன்னு சொன்னேன்!"

"மாடியில பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு" என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "எதையும் நேராப் பார்க்க வரமாட்டேங்குது."

கொய்யாவிலிருந்து துணிக்கொடிக்கு வர இரண்டு நாள். துணிக்கொடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரே நாள். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை அது ஜன்னல் ஓரம். அன்றைக்கு அந்த வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பிய்ந்த இலை, சேறு, நனைந்த பலகை. தனராஜ் மோப்பம் பிடித்து, "எங்கேயாவது தண்ணி ஒழுகுதா?" என்று கேட்டான். வெள்ளிக்கிழமை காலை துடைத்து வைத்த சிவப்புச் சிமெண்டுத் தரையில், நடையின் நடுவே, ஒரு கரும்பிலை கிடந்தது. பச்சை இலை. தலைமுடிபோல நார்நாராகக் கிழிந்திருந்தது. ஈரம் சொட்டியது.

அதை அடுப்பில் போட்டாள். எரியவில்லை.

சனிக்கிழமை. இருபத்தேழு. ஆபீஸ் அரை நாள். மத்தியானத்திலிருந்தே தனராஜ் நிலைகொள்ளவில்லை. தேவானியின் படத்துக்குப் பூ வைத்தான். அதைப் பாக்கியம் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். வரட்டும். இன்றைக்குக் கிட்டே வந்தால், நாளையிலிருந்து விலகித்தானே போக வேண்டும்? அதுதானே அந்தக் கணக்கு? இந்த ஒரு சாயங்காலம் இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டால் போதும். இன்னும் ஆறரை வருஷத்துக்கு அவன் தன்னுடையவன்.

சூரியன் விழுந்ததும் தனராஜ் ஏணி ஏறினான். பாக்கியம் முன்கதவைச் சாத்தினாள். ஏணி நிற்கிற, சுவர் சூழ்ந்த பின்கட்டுக்குப் போகிற சமையலறைக் கதவையும் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதன்மேல் முதுகை வைத்து நின்றாள். மாடிக்குப் போக வேறு வழி கிடையாது.

"வா அக்கா" என்றாள் காலியான அறையைப் பார்த்து. "மாமா மேலதான் இருக்கார். என்னைத் தாண்டிப் போ, பார்க்கலாம்."

அடுப்பில் ரசம் நுரை கட்டியது. தூரத்தில் ஆலையின் முனகல். மேலே தனராஜின் செருப்பு இரண்டடி நடந்தது, நின்றது. கிழக்குச் சுவரில் விழுந்திருந்த ஆரஞ்சு வெளிச்சம் கீழிருந்து மேலாகச் சாம்பலாகி, மிளகாய்ச் சரத்தைத் தாண்டி, காலண்டரில் இருந்த முருகனைத் தாண்டி, கூரையைத் தொட்டு அணைந்தது.

"தெரியலை!" மாடியிலிருந்து தனராஜின் குரல். ஏமாந்த குரல். "பாக்கியம், சூரிய வெளிச்சத்துல கரைஞ்சுடுச்சு. லி வானத்துல இல்லை!"

இடது ஓரத்தில், அரிசிப் பானை பக்கம், வெளிறல்.

அசையக் கூடாது. நேராகப் பார்க்கக் கூடாது. எதிர்ச்சுவரையே பார்.

வலது ஓரம். அடுப்படி. எப்படி அதற்குள்?

இடது.

வலது. இன்னும் கிட்டே.

வேகம். கிட்டே வர வர ஓட்டம் பிடிக்கும்.

ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. வாடை. சேறு. பலகை. மழை.

முடியைப் பார், வாலைப் பார் என்றது மனசு. தனராஜ் மேலே இருக்கிறான். தலைக்கு நேர் மேலே. அப்படியானால் முடி கீழ்நோக்கித் தொங்க வேண்டும். தரையைப் பார்த்து.

தொங்கவில்லை.

படுக்கைவாட்டில் பறந்தது. சுவரைப் பார்த்து.

பாக்கியம் கதவை விட்டு ஓரடி இடப்பக்கம் நகர்ந்தாள். முடி திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்தாள். திரும்பியது. மேசையைச் சுற்றி ஓடினாள், நாற்காலி விழுந்தது, ஓரக்கண்ணில் அந்த நீள முடி திசைகாட்டி முள்போலச் சுற்றிச் சுற்றித் திரும்பியது. எந்தப் பக்கம் போனாலும். எங்கே நின்றாலும்.

அவளுக்கு எதிர்ப்பக்கம்.

தனராஜுக்கு அல்ல. ஒருநாளும் தனராஜுக்கு அல்ல. கற்குவியலில் நின்றபோதும், கொய்யாவடியில் நின்றபோதும், வீட்டில் இருந்தது அவன் மட்டுமா?

மறுபடி கதவில் முதுகு மோதியது. கழுத்தில் ஈரம். கண்ணை மூடினாள். மூடினால் எல்லாமே ஓரம்தான். திறந்தாள்.

எதிரே நின்றது. ஒரு சாண் தூரம். நேராகப் பார்த்தாள்.

மறையவில்லை.

நெற்றியில் தகரம் வெட்டிய கோடு. அதன் கீழே கண். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் என்ன சொல்கிறது என்று பாக்கியத்துக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வலது கை உயர்ந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. அந்தக் கை பாக்கியத்தின் மார்பெலும்பின் மேல், ஒரு கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக, மூன்று தரம் தட்டியது.

"யாரோ தட்டுற சத்தம் கேக்குதே" என்றான் தனராஜ் மேலிருந்து. "யாரு, பாக்கியம்?"

வாயைத் திறந்தாள். ஒரே ஒரு பதில்தான் அதில் இருந்தது. ஆறரை வருஷத்துக்கு முன்பு, புயலின் கண் தீவின்மேல் நின்று, காற்று செத்து, எல்லோரும் ஓய்ந்தது என்று நம்பிய அந்த அமைதியில் தேவானி புருஷனிடம் சொல்லாமல் தொலைநோக்கியை எடுக்கப் பின்கொட்டகைக்கு ஓடினாள். காற்று மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. முன்னறையில் ஜன்னலுக்கு ஆணி அறைந்துகொண்டு, காற்றிரைச்சலில் தட்டல் மட்டும் காதில் விழுந்த தனராஜ் அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டான். அப்போதும் இதே பதில்தான்.

"யாருமில்லை மாமா. காத்து."

'பாக்கியம், நான்தான்டி, திற' என்று பின்கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா நாற்பது நிமிஷம் கதறினாள். இந்தப் பக்கம் பாக்கியம் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.